மரண பயத்தின் ஆட்சி: மூன்றாம் நூற்றாண்டுக் கொள்ளைநோயும் கிறிஸ்தவ விசுவாசமும்

கி.பி. 252 வாக்கில், வட ஆப்பிரிக்கக் கடற்கரையிலிருந்த கார்த்தேஜ் நகரத்தின் ஆயர் சிப்ரியன், தம் சபையாருக்காக மரணத்தைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். ரோமப் பேரரசைப் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆட்டிவைத்த கொள்ளைநோய் அப்போது அந்த நகருக்குள் நுழைந்திருந்தது. அது எந்தக் கிருமியால் வந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆனால் நோயின் கோலத்தை அருகிலிருந்து பார்த்தவராகச் சிப்ரியன் எழுதியிருக்கிறார்: நிற்காத வயிற்றுப்போக்கு, தொண்டைக்குள் தீயாய் எரியும் புண், ஓயாத வாந்தி, ரத்தம் பாய்ந்து சிவந்த கண்கள், அழுகிப்போகும் கைகால்கள், தளரும் நடை, அடைத்துப்போகும் காது, மங்கிக்கொண்டே போகும் பார்வை. இன்று அந்த நோய்க்கே அவருடைய பெயர்தான். ஆதிக் கிறிஸ்தவர்கள் சாவுக்கு அஞ்சாதவர்கள் என்பதற்குச் சான்றாக இந்த நூலைக் காட்டுவது வழக்கம். நிதானமாகப் படித்தால் நிலைமை அப்படி இல்லை. அவர் எழுதுவது பயந்துபோயிருக்கும் விசுவாசிகளுக்கு. சிலை வணங்குகிறவர்களைத் தாக்கும் நோய் நம்மையும் அதே போலத் தாக்குகிறதே என்று குழம்பியவர்களுக்கும், இரத்தசாட்சியாக மரிக்க ஆசைப்பட்ட தங்களுக்குக் காய்ச்சலில் சாவதா விதி என்று வருந்தியவர்களுக்கும் அவர் பதில் சொல்கிறார். மரணப்படுக்கையில் கிடந்த சக ஆயர் ஒருவரே இன்னும் சில நாள் வாழ்வு வேண்டும் என்று மன்றாடியதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். பயம் சபைக்கு வெளியே நின்றுவிடவில்லை. ஆயரின் படுக்கை வரை வந்திருந்தது.

கிறிஸ்தவ விசுவாசம் மரண பயத்தை வெல்கிறது என்ற கூற்றை ஆராய வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வெல்கிறது என்றால் எதை வெல்கிறது? நெஞ்சு படபடப்பதையா, அந்தப் படபடப்பு நம் நடத்தையின் மேல் செலுத்தும் அதிகாரத்தையா? எபிரெயர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், கிறிஸ்து விடுவித்த மக்களை மரண பயத்தினால் வாழ்நாளெல்லாம் அடிமைப்பட்டிருந்தவர்கள் என்று சித்திரிக்கிறது. அங்கே விடுதலை அடிமைத்தனத்திலிருந்து. உணர்ச்சியே அற்றுப்போவது பற்றிய பேச்சு அங்கில்லை. அதே நிருபம், மரணத்திலிருந்து தம்மைக் காக்க வல்லவரை நோக்கிக் கண்ணீரோடும் பலத்த சத்தத்தோடும் இயேசு மன்றாடினார் என்று ஐந்தாம் அதிகாரத்தில் கூச்சமின்றிச் சொல்கிறது. கெத்செமனே தோட்டக் காட்சி எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க அறிஞர் செல்சுஸ் அந்தக் காட்சியையே பிடித்துக்கொண்டு, கடவுள் என்று நீங்கள் சொல்பவர் சாவுக்கு அஞ்சிப் புலம்புவதா என்று ஏளனம் செய்தார். அந்த வேதனை நடக்கவே இல்லை என்று சொல்லித் தப்பிக்கக் கிறிஸ்தவர்களுக்கு வழி இருந்தது. ஆனால் கெத்செமனேக் காட்சி சுவிசேஷங்களில் நிலைத்தே நிற்கிறது. இக்கட்டுரையின் வாதமும் இதை ஒட்டியதுதான்: விசுவாசம் பயத்தை இல்லாமல் ஆக்குவதில்லை, அதை ஆட்சியிலிருந்து இறக்குகிறது. அந்த வேலையைத் தனிமனிதர் மனத்துக்குள் இருக்கும் மறுமைக் கருத்து மட்டும் செய்துவிடுவதில்லை. நோயாளியையும் பிணத்தையும் விட்டு விலகாத ஒரு கூட்டத்தாரின் பழக்கங்கள் வழியாகவே அது நடக்கிறது.

பழைய உலகில் மரண பயத்துக்கு வேறு மருந்துகளும் இருந்தன. நாம் இருக்கும்போது மரணம் இல்லை, மரணம் வரும்போது நாம் இல்லை, ஆகவே அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்பது எபிக்கூரஸின் தருக்கம். லுக்ரீசியஸ் தம் நெடுங்கவிதையின் மூன்றாம் பகுதி முழுவதையும் இந்த ஒன்றை நிறுவுவதற்கே செலவிட்டார். பிளேட்டோ காட்டும் சாக்ரட்டீஸ், ஆன்மா உடற்சிறையிலிருந்து விடுபடப் போகிறது என்ற தெளிவோடு நஞ்சுக் கோப்பையை அமைதியாக வாங்கிக் குடிக்கிறார். இரண்டும் மதிக்கத்தக்க பாதைகள். இரண்டுக்கும் பொதுவான ஒன்று, மரணம் உண்மையில் தீங்கில்லை, நம் அறியாமையே அதைத் தீங்காகக் காட்டுகிறது என்ற துணிபு. கிறிஸ்தவம் இதை ஏற்கவில்லை. பவுல் மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறார். லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசு அழுகிறார். பிரெஞ்சு இறையியலர் ஆஸ்கர் குல்மன் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், சாக்ரட்டீஸின் சாவையும் இயேசுவின் சாவையும் அருகருகே வைத்து இந்த வேறுபாட்டைத் துலக்கினார். ஆன்மா இயல்பிலேயே அழியாதது என்பது ஒரு நம்பிக்கை. செத்தவரைக் கடவுள் எழுப்புவார் என்பது முற்றிலும் வேறான இன்னொன்று. இரண்டாவதை நம்புகிறவர் மரணத்தைச் சின்னது என்று சொல்லத் தேவையில்லை. துக்கம் கேட்கப் போகிறவர் அங்கே அழலாம், அழுவது அவிசுவாசம் ஆகாது. பிணத்தைத் தொடுவதும், கழுவுவதும், சுமப்பதும் இந்த நம்பிக்கையில் பொருளுள்ள செயல்கள் ஆவதும் இதனால்தான்: எழுப்பப்படப் போவது இந்த உடல்.

இனி கார்த்தேஜுக்குத் திரும்புவோம். கொள்ளைநோய் அங்கே பரவியதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 250இல், பேரரசர் டேசியுஸ் எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார். பலியிட்டேன், பானம் வார்த்தேன், பலியிட்ட இறைச்சியை உண்டேன் என்று சாட்சிகளின் கையெழுத்தோடு எழுதப்பட்ட அப்படிப்பட்ட சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் எகிப்து மணலிலிருந்து பாப்பிரஸ் ஏடுகளாகக் கிடைத்திருக்கின்றன. கார்த்தேஜில் கிறிஸ்தவர்கள் திரள் திரளாகப் போய்ப் பலியிட்டார்கள்; அதிகாரிகள் நாளை வாருங்கள் என்று சொல்ல வேண்டிய அளவுக்குக் கூட்டம் வந்ததாகச் சிப்ரியனே மனம் நொந்து எழுதுகிறார். அவரும் ஒளிந்துகொண்டார். மறைவிடத்திலிருந்து கடிதம் வழியாகச் சபையை நடத்தினார். அதற்காக ரோமாபுரி குருமாரின் குத்தல் பேச்சுக்கும் ஆளானார். பரலோகத்தையும் உயிர்த்தெழுதலையும் ஒப்புக்கொண்டவர்கள்தான் இவர்கள் எல்லாரும். அந்தக் கொள்கை மட்டும் பயத்தை வெல்லப் போதுமானதாக இருந்திருந்தால் 250இல் அந்தச் சரிவு நடந்திருக்காது. அடுத்து நடந்தவை கவனத்துக்குரியவை. 251இல் ஆயர்கள் கூடி, வீழ்ந்தவர்களை என்ன செய்வது என்று விவாதித்தார்கள். இனி இவர்களுக்கு இடமில்லை என்று ஒரு சாரார் பிரிந்தே போனார்கள். பெரும்பான்மையோர் மனந்திரும்புதலுக்கு வழி திறந்தார்கள். அடுத்த துன்புறுத்தல் வரும் என்ற நிலையில், வருந்தி நின்றவர்களுக்கு மன்னிப்பும் அளித்தார்கள். பயத்திடம் தோற்றவர்களைப் பயம் தீண்டாதவர்களாகப் பாவனை செய்யச் சொல்லாமல், தோற்றவர்களாகவே திரும்ப ஏற்றுக்கொண்ட சபை அது. மும்முறை மறுதலித்த பேதுருவை முதன்மையான அப்போஸ்தலனாக வைத்திருந்த மரபுக்கு அது பொருந்தியதுதான்.

அந்தச் சபைதான் கொள்ளைநோயை எதிர்கொண்டது. சிப்ரியனின் உதவிக்குருவாக இருந்த பொந்தியுஸ், அவரது வாழ்க்கை வரலாற்றில் நகரின் நிலையை விவரிக்கிறார்: மக்கள் ஓடினார்கள், சொந்தக்காரர்களைக் கைவிட்டார்கள், தெருக்களில் பிணங்கள் கிடந்தன. சிப்ரியன் சபையைக் கூட்டினார். நம்மவர்களை மட்டும் கவனித்தால் அதில் என்ன சிறப்பு, நம்மைத் துன்புறுத்தியவர்களையும் கவனிக்க வேண்டும் என்றார். பிறகு அவரவர் நிலைக்கேற்ப வேலை பிரிக்கப்பட்டது. பணம் உள்ளவர்கள் பணம் கொடுத்தார்கள். கொடுக்க எதுவுமில்லாதவர்கள் உடலுழைப்பைக் கொடுத்தார்கள். எனக்கு இந்த ஏற்பாட்டின் எளிமைதான் முக்கியமாகப் படுகிறது. பயப்படாதே என்று ஒருவரிடம் சொல்வதால் பயம் போவதில்லை. யாருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும், எந்த வீட்டுக்கு யார் போக வேண்டும் என்று சொன்னால், பயத்தோடேயே போகிறவர்கள் உண்டு. எகிப்திலும் இதே காட்சி. அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியுஸ் எழுதிய கடிதத்தை யூசேபியுஸ் தம் திருச்சபை வரலாற்றின் ஏழாம் நூலில் காப்பாற்றித் தந்திருக்கிறார். மூப்பர்களும் உதவிக்குருமாரும் பொதுமக்களும் நோயாளிகளைப் பராமரித்தார்கள். இறந்தவர்களின் கண்ணையும் வாயையும் மூடி, தோளில் சுமந்து, குளிப்பாட்டி, துணி சுற்றி அடக்கம் செய்தார்கள். விரைவில் தாங்களும் அதே நோயில் அதே போலச் சுமக்கப்பட்டார்கள் என்று அந்தக் கடிதம் விவரிக்கிறது.

இவையெல்லாம் ஆயர்கள் தங்கள் சபையைப் பற்றித் தாங்களே எழுதியவை, இதை எப்படி நம்புவது என்று கேட்பது நியாயம். அயலார் எல்லாரும் நோயாளிகளைத் தெருவில் வீசினார்கள் என்ற தியோனீசியுஸின் பேச்சில் மிகை இருக்கத்தான் செய்யும். எந்த ஊரிலும் பெற்ற பிள்ளையை விட்டு விலகாத தாய்மார் இருந்திருப்பார்கள். ஆனால் கிறிஸ்தவர்கள் தரப்புச் செய்திக்கு வெளிச்சாட்சி உண்டு. இரண்டாம் நூற்றாண்டின் மருத்துவர் கேலன், கிறிஸ்தவர்களின் தத்துவத்தை மதிக்காதவர். இருந்தும் அவர்கள் சாவைப் பொருட்படுத்தாததை அன்றாடம் காண முடிகிறது என்று எழுதியது அரபு மொழிபெயர்ப்பு வழியாக நமக்குக் கிடைத்திருக்கிறது. கிறிஸ்தவத்தை ஒழிக்க முயன்ற பேரரசர் ஜூலியன் 362 அளவில் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதியதாக உள்ள கடிதம், அந்த மதம் பரவியதற்கு அந்நியரிடம் காட்டும் பரிவையும் இறந்தோரின் அடக்கத்தில் காட்டும் அக்கறையையும் காரணமாகச் சொல்கிறது. நம் ஏழைகளையும் அவர்களே பார்த்துக்கொள்வது நமக்கு அவமானம் என்று கடிந்துகொள்கிறது. சமூகவியலர் ராட்னி ஸ்டார்க் 1996இல் வெளியிட்ட நூலில், தண்ணீரும் உணவும் கொடுத்த எளிய பராமரிப்பே கிறிஸ்தவர்களிடையே சாவு விகிதத்தைக் குறைத்திருக்கும், அதனாலேயே அவர்கள் எண்ணிக்கை கூடியிருக்கும் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்குக்குப் போதிய தரவு இல்லை. அதன் மேல் என் வாதத்தைக் கட்ட மாட்டேன். அவர்கள் போனார்கள், தொட்டார்கள், புதைத்தார்கள் என்பது வரை போதும்.

இந்த நடத்தைக்கு அடியில் நெடுநாள் பழக்கம் இருந்தது. திருமுழுக்கில் தண்ணீருக்குள் அமிழ்வது கிறிஸ்துவோடு மரித்து அடக்கம்பண்ணப்படுவது என்று பவுல் ரோமருக்கு எழுதியிருந்தார். அதன்படி, ஒரு கிறிஸ்தவருக்குத் தன் மரணம் முன்னால் மட்டும் காத்திருப்பதன்று. ஒரு வகையில் ஏற்கெனவே கடந்துவிட்டதும்கூட. சபையின் பொதுப்பணம் ஏழைகளுக்குச் சோறு போடவும் அவர்களை அடக்கம் செய்யவும் செலவாகிறது என்று கார்த்தேஜின் தெர்த்துல்லியன் ஏறத்தாழ 197இல் எழுதினார். தான் செத்தால் தன் பிணம் அநாதையாகக் கிடக்காது என்று ஒரு கூலிக்காரனுக்குத் தெரிந்திருப்பது சின்ன விஷயமில்லை. சிறையில் இறந்த விசுவாசிகளின் நாளைக் குறித்துவையுங்கள், அந்த நாளில் அவர்களை நினைவுகூர்ந்து திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று சிப்ரியன் ஒளிந்திருந்த காலத்திலேயே குருமாருக்குக் கடிதம் எழுதினார். நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று தமிழ்நாட்டுக் கல்லறைத் தோட்டங்களில் புல் செதுக்கி, வெள்ளையடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக நிற்பவர்கள் இந்த நீண்ட மரபில் வருகிறவர்கள். செத்தவர்கள் இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது எந்தப் பிரசங்கத்துக்கும் குறையாத பயிற்சி.

250இல் ஒளிந்த சிப்ரியன் 258இல் சாவுக்குத் தப்ப ஒளியவில்லை. பேரரசர் வலேரியன் ஆட்சியில் முதலில் நாடுகடத்தப்பட்டு, பிறகு செப்டம்பர் 14 அன்று ஆளுநர் கலேரியுஸ் மாக்சிமுஸ் முன் நிறுத்தப்பட்டார். தீர்ப்பு வாசிக்கப்பட்டதும் கடவுளுக்கு நன்றி சொன்னார். விசாரணைக் குறிப்பு அடுத்த நிகழ்ச்சிகளை அலங்காரமில்லாமல் பதிவு செய்கிறது. மேலங்கியைக் கழற்றினார், முழங்காலிட்டு வேண்டினார், உள்ளங்கியை உதவிக்குருமாரிடம் கொடுத்தார், வெறும் லினன் ஆடையோடு கொலையாளிக்காகக் காத்து நின்றார். அவன் வந்ததும் அவனுக்கு இருபத்தைந்து பொற்காசு கொடுக்கச் சொன்னார். சபையார் அவர் முன் துணிகளை விரித்தார்கள். கண்ணைத் தாமே கட்டிக்கொண்டார். கையைத் தாமே கட்டிக்கொள்ள முடியாததால் ஒரு மூப்பரும் ஓர் இளநிலை உதவிக்குருவும் கட்டினார்கள். இரவில் விளக்குகளும் தீப்பந்தங்களும் ஏந்தி உடலைக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த மனிதரின் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியப்போவதில்லை. கையைக் கட்டக்கூட இன்னொருவர் வேண்டியிருந்தது, அந்த இன்னொருவர் அங்கே இருந்தார் என்பது தெரிகிறது.

இது உயிரின் மேல் வெறுப்பை வளர்க்காதா? சாவைத் தேடிப் போகும் வெறியாக மாறாதா? மாறியதுண்டு, தாமாகப் போய்ப் பிடிபட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் திருச்சபையின் முதன்மை ஓட்டம் அதைக் கண்டித்தது. தன்னிச்சையாக முன்வந்து, காட்டு விலங்குகளைக் கண்டதும் மறுதலித்த குயிந்துஸ் என்பவரின் கதையை இரத்தசாட்சி பொலிக்கார்ப்பின் சாவு பற்றிய இரண்டாம் நூற்றாண்டு ஏடு எச்சரிக்கையாகவே சொல்கிறது. சிப்ரியனின் கடைசிக் கடிதமே யாரும் தாமாகப் போய்ச் சரணடையக் கூடாது என்று கட்டளையிடுகிறது. இந்தச் சமநிலையை மிகத் தெளிவாக எழுதியவர் மார்ட்டின் லூத்தர். 1527இல் விட்டன்பெர்க்கில் கொள்ளைநோய் பரவியபோது பல்கலைக்கழகம் யேனா நகருக்கு மாறியது. லூத்தரும் போக வேண்டும் என்று இளவரசர் சொல்லியும் அவர் தங்கினார், அவர் வீட்டிலேயே நோயாளிகள் கிடந்தார்கள். கொள்ளைநோய்க்கு அஞ்சி ஓடலாமா என்ற கேள்விக்கு அந்த ஆண்டு அவர் எழுதிய திறந்த மடல், ஓடுவது எப்போதும் பாவம் என்று சொல்லவில்லை. பொறுப்பில் இருக்கும் போதகரும் அதிகாரியும் வேலைக்காரரை வைத்திருக்கும் எஜமானும் தங்களுக்கு மாற்று ஆள் இல்லாமல் போகக் கூடாது. பிறருக்குப் போதிய துணை இருந்தால் போகலாம். மருந்து சாப்பிடாமல், வீட்டுக்குப் புகை போடாமல், தேவையில்லாத இடத்துக்குப் போய் நோயைப் பரப்புவது விசுவாசமல்ல, கடவுளைச் சோதிப்பது என்றும் கண்டிக்கிறார். உயிரை மதிப்பதும் பயத்துக்கு அடிபணியாததும் ஒரே மனிதருக்குள் இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. மரண பயத்தைப் போக்கியதாகச் சொல்லும் மதமே நரகத்தைக் காட்டி அந்தப் பயத்தைப் பல மடங்கு பெருக்கவில்லையா? பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜான் தெலுமோ, தாமே கத்தோலிக்கர், பதினான்காம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை மேலை ஐரோப்பியப் பிரசங்கபீடங்கள் குற்றவுணர்வையும் அச்சத்தையும் எப்படி ஊட்டி வளர்த்தன என்று 1978இலும் 1983இலும் வெளியிட்ட இரண்டு பெரும் நூல்களில் ஆவணங்களோடு காட்டினார். இதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. எபிரெயர் நிருபம் அடிமைத்தனம் என்று குறித்ததைத் திருச்சபையே தன் கையால் திரும்பப் பூட்டிய காலங்கள் இருந்தன. ஆனால் அதே காலத்தில் அதற்கு மாற்றும் உள்ளிருந்தே எழுந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் பரவிய நன்மரணக் கையேடுகள் சாகிறவரைத் தாக்கும் சோதனைகளாக அவிசுவாசம், அவநம்பிக்கை, பொறுமையின்மை, தற்பெருமை, பொருளாசை ஆகிய ஐந்தைச் சொல்கின்றன. அச்சம் தனிக் குற்றமாக அந்தப் பட்டியலில் இல்லை. தற்பெருமை இருக்கிறது: நான் அஞ்சாதவன் என்று நெஞ்சு நிமிர்த்துவதும் அவர்கள் பார்வையில் ஆபத்தே. 1519இல் லூத்தர் சாவுக்கு ஆயத்தமாவது பற்றி எழுதிய பிரசங்கம், மரணத்தையும் பாவத்தையும் நரகத்தையும் தனியே வைத்து உற்றுப் பார்க்காதே, மூன்றையும் வென்ற கிறிஸ்துவில் வைத்துப் பார் என்ற திசையில் போகிறது. சாகிறவர் தனியாகச் சாவதில்லை என்பதே அதன் ஆறுதல்.

மதமே ஆசை பெற்றெடுத்த மாயை என்று 1927இல் பிராய்டு எழுதியதை இங்கே சுருக்கமாகத் தொட்டால் போதும். ஒரு நம்பிக்கை ஆறுதல் தருவதால் அது பொய்யாகிவிடாது, உண்மையாகிவிடவும் செய்யாது. கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் எங்கள் விசுவாசம் வீண் என்று பவுலே ஒப்புக்கொண்டார். அந்த வழக்கை நடத்தையை வைத்துத் தீர்க்க முடியாது. ஆனால் ஆசைக்கனவு என்றால் அது நம்மை நோயாளியிடமிருந்து தூரமாகத்தான் கூட்டிப்போக வேண்டும்; கார்த்தேஜில் அது பக்கத்தில் கூட்டிப்போனது.

இன்றைய ஆய்வுகளும் எளிய வெற்றிக் கதைக்கு இடம் தரவில்லை. ஜொனாதன் ஜாங்கும் உடனாய்வாளர்களும் 1961 முதல் 2014 வரையிலான சுமார் 100 ஆய்வுக் கட்டுரைகளை, ஏறத்தாழ 26,000 பேரை உள்ளடக்கியவற்றை, தொகுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் மதப்பற்றுக்கும் மரண பயத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. 18 விழுக்காட்டில் மதப்பற்றுள்ளவர்களுக்கே பயம் கூடுதலாக இருந்தது. மதத்தை உள்ளார்ந்து கடைப்பிடிப்பவர்களிடம் பயம் குறைவாகவும், அந்தஸ்துக்கோ ஆதாயத்துக்கோ பிடித்துக்கொண்டவர்களிடம் கூடுதலாகவும் இருக்கும் போக்கு காணப்பட்டது. இன்னும் உறுத்துவது 2009இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு. முற்றிய புற்றுநோயாளிகள் 345 பேரில், மதத்தை மிகுதியாகச் சார்ந்து நோயைத் தாங்கியவர்களே கடைசி நாட்களில் செயற்கைச் சுவாசக் கருவி வழிச் சிகிச்சையை அதிகம் பெற்றார்கள்: 11.3 விழுக்காடு, மற்றவர்களிடையே 3.6. சபையின் ஆதரவு மிகுந்தவர்களிடமும் இதே போக்கு இருந்ததை அதே குழுவினரின் 2013 ஆய்வு காட்டியது. மருத்துவக் குழுவினரே ஆன்மிகத் துணையும் தந்த இடங்களில் நோயாளிகள் இதமான இறுதிப் பராமரிப்பைத் தேர்ந்தார்கள். சபை இருந்தால் மட்டும் போதும் என்ற முடிவுக்கு நான் வந்திருந்தால் இந்தத் தரவு அதை உடைத்துவிடும். எல்லாமே அந்தச் சபை படுக்கையருகே என்ன பேசுகிறது என்பதில் இருக்கிறது. சுகம் ஒன்றையே வாக்களித்து, சாவு என்ற சொல்லையே அவிசுவாசமாகக் கருதும் கூட்டம், அன்பால் சூழ்ந்திருந்தாலும் நோயாளியைப் பயத்தின் கையில்தான் விட்டுவைக்கிறது. அவருக்குச் சாகவும் அனுமதி இல்லை, பயத்தைச் சொல்லவும் அனுமதி இல்லை.

ஆகவே போதகர்களிடமும் குருமாரிடமும் விசுவாசக் குடும்பங்களிடமும் வைக்கும் வேண்டுகோள் இது. சுகமளிக்கும் ஜெபத்துக்கு இடம் கொடுங்கள், அதோடு சாவைப் பற்றி உடல் நன்றாக இருக்கும்போதே பேசுங்கள். மருத்துவர் கைவிரித்த பிறகும் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தாதீர்கள். பயமாக இருக்கிறது என்று நோயாளி சொன்னால் வசனம் சொல்லி வாயடைக்காமல் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். கெத்செமனேயில் சீஷர்களிடம் இயேசு கேட்டதும் கூட விழித்திருக்கச் சொல்லித்தான்.